சந்தனமாரியின் பெயராயுள்

ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்குத் தலைவரைக் கொல்வது எஸ்தரின் வேலை.

அதற்கு முன்பே மகள் ரூத்தைப் பள்ளியில் விட்டு, நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி மேலடுக்குக்கு வந்து, பதிவேட்டில் விரல் வைத்து, ஒரு குவளை பாசித்தேநீர் குடித்து முடித்திருப்பாள். பத்து மணிக்குத் திரையில் ஒரு படிவம் விரியும். யாரை, யார், எங்கே, எதனால் என்று அதில் நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருக்கும்: சந்தனமாரி, குமிழித் தலைவர். மீதி மூன்றையும் எஸ்தர் நிரப்புவாள். முந்தாநாள் கத்தி. நேற்று நஞ்சு. இன்று படிக்கட்டில் பின்னாலிருந்து ஒரு தள்ளு.

இப்படி நான்கு ஆண்டுகளில் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு முறை கொன்றிருந்தாள். ஒவ்வொன்றையும் எண் போட்டுத் தனிக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தாள்.

கொலை நடப்பது நிழலூரில். செவ்வாய்க் கோளின் ஒன்பதாம் குமிழியில் வாழும் ஒன்பதாயிரம் பேருக்கும் கணிப்பொறிக்குள் ஒரு நிழல் உண்டு. ஒருவர் யாரோடு பேசுகிறார், எதற்குக் கோபப்படுகிறார், எந்தப் பக்கம் நடக்கிறார், எதைப் பார்த்து அழுகிறார் என்பதெல்லாம் பிறந்த நாள் முதல் சேர்ந்து அந்த நிழல் ஆகிறது. நிழல்கள் ஊரைப் போலவே வாழும், சண்டை போடும், மணம் செய்துகொள்ளும், சாகும். அங்கே ஓர் ஆண்டு என்பது இங்கே இரண்டு விநாடி. தலைவர் கொல்லப்பட்டால் கூட்டம் எங்கே கூடும், எந்தக் கதவை உடைக்கும், எத்தனை நாளில் அடங்கும் என்று காவல் துறைக்குத் தெரிய வேண்டும். கண்ணாடிக் கூரையின் கீழ் வாழும் ஊரில் கலவரம் என்பது எல்லாருக்கும் சாவு. அதனால்தான் இந்த அலுவலகம்.

எஸ்தர் எழுதும் அறிக்கை ஒவ்வொன்றும் இந்த ஒரு வரியோடுதான் முடியும்: 'கணக்கில் பிழை இருக்கலாம்.' அப்படி எழுதும்படி யாரும் சொல்லவில்லை. எழுதாவிட்டால் அவளுக்கு உறக்கம் வராது.

அன்று பத்தேகாலுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு சந்தனமாரி எட்டிப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது. கீழடுக்கில் குழாய் பழுதுபார்ப்பவராக இருந்து தலைவரானவர். இடுப்பில் இன்னும் அந்தக் காலத்துக் குறடு தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன பிள்ள, இன்னைக்கு என்னய எதால கொன்ன?"

"படிக்கட்டுல தள்ளிவிட்டாங்கக்கா."

"சவத்த. நேத்து வெசம், இன்னைக்குத் தள்ளா? நாளைக்காவது கொஞ்சம் கௌரவமாக் கொல்லுட்டி."

எஸ்தர் சிரித்தாள். மூன்று தலைமுறைக்கு முன் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த தொழிலாளிகள் கட்டிய குமிழி அது. பேச்சு மட்டும் ஊர்ப்பேச்சாகவே மிஞ்சியிருந்தது.

சந்தனமாரி போன பிறகு அவள், ஓட்டம் முடிந்ததும் நிழலூர் தானே நிரப்பித் தரும் அறிக்கையின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தாள். அதைக் காவல் துறை படிப்பதில்லை. பெயராயுள் என்று தலைப்பு. ஒருவர் இறந்தபின் எத்தனை ஆண்டுகள்வரை ஊர் அவர் பெயரைத் தானாகச் சொல்லும் என்ற கணக்கு அது. சந்தனமாரி தள்ளிக் கொல்லப்பட்டால் நூற்று எண்பத்தெட்டு ஆண்டு. நஞ்சென்றால் நூற்றெழுபது. கத்தியென்றால் இருநூறுக்கு மேல்.

நிழலூர் பொய் சொல்லவில்லை என்பதற்கு உண்மையான ஊரே சாட்சி. முதல் தலைவர் புன்னைவனம் பனிப்பாறையைத் துளைத்துத் தண்ணீர் கொண்டுவந்தவர். எண்பத்தொரு வயதில் படுக்கையில் இறந்தார். அவர் பெயரில் ஒரு குழாய்கூட இல்லை. மூன்றாம் தலைவர் கருத்தப்பாண்டி உணவுக்கூடம் திறக்கும் நேரத்தை அரை மணி தள்ளிவைத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. சீட்டாட்டச் சண்டையில் அவருடைய மைத்துனரே அவர் தலையில் அடித்துக் கொன்றுவிட்டார். இன்று பள்ளியும் மருத்துவமனையும் ஊர்தி நிலையமும் கருத்தப்பாண்டி பெயரில்தான். அவர் தியாகச் செம்மல். நினைவுநாள் ஊர்வலத்தில் முதல் மாலை எடுத்துக்கொடுப்பது அந்த மைத்துனரின் பேரன்.

எஸ்தர் இதையெல்லாம் வேடிக்கையாகத்தான் பார்த்திருந்தாள், மூச்சுச் சட்டத்தின் காலம் முடிய நாற்பது நாள் இருக்கும்வரை.

குமிழிக்கு இரண்டு அடுக்கு. மேலே நாலாயிரம் பேர், கீழே ஐயாயிரம் பேர். காற்று ஆலை மேலடுக்கில் இருக்கிறது. முன்பெல்லாம் மேலே காற்றில் நூற்றுக்கு இருபத்துமூன்று பங்கு உயிர்வளி, கீழே பதினேழு. கீழே இருப்பவர்கள் படி ஏறினால் நடுவில் இரண்டு முறை உட்காருவார்கள். பிள்ளைகளுக்குத் தலைவலி இருந்துகொண்டே இருக்கும். ரூத்துக்கு இரண்டு வயதில் உதடு நீலமாகி, மூன்று முறை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள் எஸ்தர். நான்கு ஆண்டுக்கு முன் சந்தனமாரி வந்து மூச்சுச் சட்டம் என்று ஒரே ஒரு சட்டம் போட்டார். தலைக்குத் தலை சமமான காற்று அனுப்பப்பட வேண்டும். யாருக்கும் ஒரு துளி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இரண்டு அடுக்கிலும் இருபத்தொன்று ஆனது. ரூத் ஓடத் தொடங்கினாள்.

அந்தச் சட்டத்தைப் புதுப்பிக்கப் பதின்மூன்று பேர் கொண்ட அவை நாற்பது நாளில் வாக்களிக்க வேண்டும்.

எஸ்தர் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். யாரையும் கொல்லாமல் நிழலூரை ஓடவிட்டாள். சட்டம் ஏழுக்கு ஆறு என்று தோற்றது. இரண்டாம் ஆண்டில் கீழடுக்கு பழையபடி பதினேழுக்கு வந்தது. அடுத்து வழக்கம்போல் சந்தனமாரியைக் கொன்றுவிட்டு ஓடவிட்டாள். பதின்மூன்று கையும் உயர்ந்தன. சட்டம் இருநூறு ஆண்டுக்குக் குறையாமல் ஏட்டில் இருந்தது.

எஸ்தர் அதை நம்பவில்லை. முதலில் தன் கூட்டலைச் சந்தேகப்பட்டாள். பிறகு தரவைச் சந்தேகப்பட்டாள். வேறு வேறு ஆள், வேறு வேறு இடம், வேறு வேறு கருவி என்று மாற்றி மாற்றி மொத்தம் பதினேழு முறை ஓடவிட்டாள். விடை மாறவில்லை. வேறு வழியில்லாமல் அறிக்கை எழுதி, வழக்கமான கடைசி வரியையும் சேர்த்து, இயக்குநர் ஆவுடையப்பனிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீ போட்ட கணக்கு தப்பா இருந்தா நல்லதும்மா," என்றார்.

தன் சாவைப் பற்றிய அறிக்கையைப் படிக்கும் உரிமை தலைவருக்கு உண்டு. மறுநாள் மாலை சந்தனமாரி அதைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"இது என்னட்டி? நான் இருந்தா சட்டம் சாவும். நான் செத்தா சட்டம் இருக்கும். அப்படித்தானே எழுதிருக்க?"

"கணக்குல பிழை இருக்கலாம்க்கா."

"அத நீ எல்லாத்துலயும்தான் எழுதுத. எத்தன வாட்டி பாத்த?"

"பதினேழு."

"பதினேழு வாட்டியும் இதேதானா?"

"வருசம் மட்டும் கொஞ்சம் மாறுதுக்கா. ஒருக்கா இருநூத்தி மூணு, ஒருக்கா இருநூத்திப் பத்து…"

சந்தனமாரி சிரித்துவிட்டார். "ஏழு வருச வித்தியாசத்துக்கா என்னயப் பதினேழு வாட்டி கொன்ன? பாவி." பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நோக்காடு வந்து செத்தா?"

"சட்டம் நிக்காது. அதையும் தனியா ஓட்டிப் பாத்தேன். பதினோரு வருசத்துல உங்க பேரயே மறந்திருவாங்க."

"பதினோரு வருசமா? எங்க வீட்டுக்காரரு மூணு மாசம் தாங்க மாட்டாரு. சரி, விபத்துல செத்தா?"

"முப்பது வருசம் பேசுவாங்க. ஆனா சட்டம் நிக்காதுக்கா. ஒரு ஆளு கையால கொல்லணும். அதப் பாத்து ஊரு வெக்கப்படணும். அந்த வெக்கத்துலதான் எல்லாரும் கையத் தூக்குதாங்க. நீங்க பேசுனதக் கேட்டுத் தூக்கல."

சொன்ன பிறகுதான் எஸ்தருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது புரிந்தது. சந்தனமாரி இடுப்பிலிருந்த குறட்டின் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நான்கு ஆண்டுகளாக அவர் வீடு வீடாகப் போய்ப் பேசியிருந்தார். மேலடுக்கில் அவர் ஏறாத படி இல்லை.

"ரூத்து எப்படி இருக்கா?"

"ஓடுதாக்கா. போன வாரம் பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்துல ரெண்டாவதா வந்தா. மொதல்ல வரலன்னு ஒரே அழுக."

"அழட்டும். அழுறதுக்கும் மூச்சு வேணும்லா." எழுந்தார். கதவருகே நின்று திரும்பினார். "இறங்குநாளு அன்னைக்கு நீ லீவு போட்டுரு."

"எதுக்குக்கா?"

"சும்மாதான். பிள்ளையக் கூட்டிக்கிட்டு வீட்டுல கெட."

இறங்குநாள் என்பது முன்னோர்கள் செவ்வாயில் கால் வைத்த நாள். அன்று தலைவர் மேலடுக்கிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு படியும் நடந்தே இறங்கி, இருபுறமும் நிற்பவர்களின் கையைத் தொட்டு, கீழே பொதுக்குழாயில் ஒரு குவளை தண்ணீர் குடிக்க வேண்டும். ஆரம்பத்திலிருந்து வரும் வழக்கம். வாக்கெடுப்புக்கு ஐந்து நாள் முன்னால் அது வந்தது.

எஸ்தர் விடுப்பு எடுக்கவில்லை. ரூத்தைப் பக்கத்து வீட்டுப் பிரகாசியிடம் விட்டுவிட்டு அலுவலகம் வந்தாள். ஊர் முழுவதும் விழாவில் இருந்ததால் கட்டடத்தில் யாரும் இல்லை. காவல் துறைக்கு வரும் செய்திகள் அவள் திரையிலும் வரும். காலை ஒன்பது நாற்பதுக்கு முதல் செய்தி: தலைவர் தம்முடன் இருந்த ஒரே காவலரைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். ஒன்பது நாற்பத்தொன்றுக்கு அடுத்தது: படிக்கட்டு வாசலில் மகிழ்நன் என்பவரின் நுழைவு பதிவானது. கையில் காற்றாணிக் கருவி, காற்றின் விசையால் ஆணியைச் சுட்டுக் கூரைத் தகடு பொருத்துவது. பழுது வேலை என்று காரணம் சொல்லியிருந்தார்.

மகிழ்நன் மேலடுக்குக்காரர். அவருடைய தந்தை மூச்சுச் சட்டம் வந்த ஆண்டில் இறந்தார். இருபத்துமூன்று இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நம்பி, தன் பெயர் போட்டே மூன்று மிரட்டல் கடிதம் எழுதியவர். அந்தக் கடிதங்களைத் தலைவர் தம் மேசையிலேயே வைத்துக்கொண்டார், காவல் துறைக்கு அனுப்பவில்லை. எஸ்தரிடம் மட்டும் ஒருமுறை காட்டியிருந்தார்.

மேசை ஓரத்தில் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினால் படிக்கட்டின் இரு கதவுகளும் மூடிக்கொள்ளும், தலைவர் அதில் இறங்க முடியாது. அழுத்துமுன் இரண்டு முறை உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. எஸ்தர் உறுதி செய்தாள். அதே மகிழ்நன்தான். இன்னொரு முறையும் பார்த்தாள். அதே முகம். விரலைப் பொத்தான்மேல் வைத்தாள்.

அப்போது அவளுக்கு ரூத்தின் நீல உதடு நினைவுக்கு வந்தது.

கணக்கு தப்பாக இருந்தால் உடனே அழுத்திவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு முறை பார்த்துவிடலாம். இடக்கையால் நிழலூரை ஓடவிட்டாள். வலக்கை விரல் பொத்தான்மேலேயே இருந்தது. இருநூறு ஆண்டு ஓடி முடிய ஏழு நிமிடம் ஆகும். நாற்பதாம் ஆண்டில் சட்டம் இருந்தது. நூறாம் ஆண்டில் இருந்தது. நூற்றெழுபதாம் ஆண்டு ஓடிக்கொண்டிருந்தபோது வெளியே ஊர் அலறியது.

பதினெட்டாவது முறையும் விடை சரியாகவே வந்தது.

மகிழ்நனின் ஆணி பாய்ந்து சந்தனமாரி எழுபத்தொன்றாம் படியில் விழுந்தார். தண்ணீர்க் குவளையோடு கீழே காத்துக்கொண்டிருந்தவர்கள் அதைக் கையில் பிடித்தபடியே நின்றார்களாம். மூன்று நாள் ஊரில் அடுப்பு இயங்கவில்லை. ஐந்தாம் நாள் அவை கூடியது. போன வாரம்வரை சட்டத்தை எதிர்த்த ஏழு பேரும் பேச எழுந்து, பேச முடியாமல் அழுதார்கள். ஒருவர் மேசையில் தலையை முட்டிக்கொண்டார். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. சந்தனமாரி மூச்சுச் சட்டம் என்று பெயரும் மாற்றினார்கள். நிழலூரில் பார்த்த அதே காட்சி, அதே வரிசையில். எஸ்தர் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து, இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

ரூத் மூச்சு விடுவாள். அதையே அவள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள்.

சிலை வைக்க ஒரு மாதம் ஆனது. உயிரோடு இருந்தபோது ஒரு காவலரோடு நடந்தவருக்குக் கல்லான பிறகு எட்டுக் காவலர். சுற்றிலும் கம்பிக் கூண்டு, பூட்டு. சிலையை மேலடுக்கு வாசலில் வைக்கலாம் என்று அவை சொன்னபோது கீழடுக்கு கொதித்துப்போனது.

"எங்க அக்கா எங்ககூடத்தான் இருக்கணும். செத்த பெறவும் அவளத் தூக்கிட்டுப் போறியளோ?" என்று பிரகாசி கூட்டத்தில் கத்தினாள். எல்லாரும் கை தட்டினார்கள். சிலை கீழடுக்குச் சதுக்கத்துக்கே வந்தது.

அணையாச் சுடர் என்ற யோசனையும் கீழடுக்கில்தான் பிறந்தது. குமிழியில் யாரும் நெருப்பைப் பார்த்ததில்லை. மூன்று தலைமுறையாகத் திறந்த நெருப்புக்குத் தடை. சமையல் மின்சாரத்தில். கோயில் விளக்கும் தேவாலய மெழுகுவத்தியும் ஒளிச்சில்லுகள். பூமியில் பெரியவர்களுக்கு நெருப்பு ஏற்றிவைப்பார்கள் என்று பாடப்புத்தகப் படத்தில் பார்த்ததுதான். காற்று ஆலையிலிருந்து எரிவாயு கழிவாக வெளியே போகிறது, அதைக் குழாய் போட்டுக் கொண்டுவந்தால் போதும், யாருக்கும் எந்த நட்டமும் இல்லை என்றார்கள். ஐயாயிரம் பேரில் நாலாயிரத்து எண்ணூறு பேர் விரல் ரேகை வைத்தார்கள். எஸ்தரும் வைத்தாள். அன்று மட்டும் அவள் எதையும் சரிபார்க்கவில்லை.

சுடர் ஏற்றிய அன்று சதுக்கமே அழுதது. ஆள் உயர நெருப்பு. அது அசைந்தது, மூச்சு விடுவதுபோல் ஒலி எழுப்பியது. அக்காவே வந்து நிற்பதுபோல் இருக்கிறது என்றார்கள்.

நெருப்பு எரிவாயுவை மட்டும் தின்னாது, உயிர்வளியையும் தின்னும் என்பது அதே பாடப்புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இருந்தது. தேர்வில் எல்லாரும் சரியாக எழுதிய விடைதான்.

நான்காம் மாதம் ரூத் படிக்கட்டில் ஒருமுறை உட்கார்ந்தாள். ஐந்தாம் மாதம் இரண்டு முறை. எஸ்தர் சுவரிலிருந்த காற்றளவியைத் தட்டிப் பார்த்தாள். பத்தொன்பது. பழுது என்று நினைத்து வேறொன்று வாங்கி மாட்டினாள். அதுவும் பத்தொன்பது. எட்டாம் மாதம் பதினேழு.

ஆலைப் பொறியாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அந்தச் சுடர் ஒரு நாளைக்கு நானூற்றைம்பது பேருடைய மூச்சைக் குடிக்கிறது. கீழடுக்குக்குக் கொஞ்சம் கூடுதல் காற்று அனுப்பலாமா என்று ஒருவர் அவையில் கேட்டார். சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். முடியாது. இரண்டு அடுக்குக்கும் தலைக்குத் தலை சமமாகவே காற்று போகிறது. ஒரு துளி கூட்டினாலும் அது சந்தனமாரி மூச்சுச் சட்டத்துக்கு விரோதம். சட்டத்தின்மேல் கை வைக்கும் பேச்சு வந்ததுமே அவையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எஸ்தர் பழைய பதினெட்டு ஓட்டங்களையும் திறந்து பார்த்தாள். கூட்டலில் பிழையில்லை. தரவில் பிழையில்லை. சட்டம் ஏட்டில் இருக்கிறதா என்று நிழலூரைக் கேட்டிருந்தாள். இருந்தது, இருநூறு ஆண்டும் இருந்தது. கொலை இல்லாத முதல் ஓட்டத்தில் கீழடுக்கின் காற்று எவ்வளவு என்று பார்த்தவள், கொலை நடந்த ஓட்டங்களில் சட்டம் வென்றதும் அதோடு நிறுத்திக்கொண்டாள். பதினெட்டு ஓட்டத்திலும் எட்டாம் மாதத்துக்கு நேரே அந்த எண் கிடந்தது. பதினேழு.

அவள் அந்த எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டு எழுந்தாள்.

ஆவுடையப்பனிடம் போய், "சார், சுடர அணைக்கணும்," என்றாள்.

அவர் கதவைப் பார்த்தார். "மெதுவாப் பேசு. இத எங்கிட்ட சொன்னமாதிரி வெளிய சொல்லிராத."

"எம் பிள்ளைக்கு மூச்சு வாங்குது சார்."

"எங்க அம்மாவும் கீழதான் இருக்கா. ராத்திரி உக்காந்துதான் தூங்குதா. விடிஞ்சதும் முதல் வேலையா அந்தச் சுடருக்குத்தான் கும்பிடு போடுதா. நான் என்னத்தச் சொல்ல?"

அன்று மாலை பிரகாசியிடம் பேச்சுவாக்கில் சொல்லிப் பார்த்தாள். "அணைக்க வேண்டாம்க்கா. கொஞ்சம் சின்னதா வச்சா என்ன? பிள்ளைகளுக்காக."

பிரகாசி கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். எஸ்தரை அவள் பிறந்த நாளிலிருந்து அறிந்தவள், ரூத்துக்குப் பெயர் வைத்தவளே அவள்தான். "அக்காவ ஒருக்கா கொன்னது பத்தாதாட்டி?" என்று கேட்டாள்.

எஸ்தருக்குச் சிவப்புப் பொத்தான் நினைவுக்கு வந்தது. அன்று அதை அவள் அழுத்தாதது யாருக்கும் தெரியாது. இருந்தாலும் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதலாண்டு நினைவுநாள் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் படிக்கட்டின் மேல்முனையிலிருந்து இறங்கி, எழுபத்தொன்றாம் படியில் பூ வைத்துவிட்டு, சதுக்கத்துக்கு வந்து சுடரைச் சுற்ற வேண்டும். அதற்கு முதலில் கீழடுக்குப் பிள்ளைகள் நூற்றுப் பன்னிரண்டு படியும் ஏற வேண்டும். ரூத் ஐந்து முறை உட்கார்ந்து ஏறினாள். இறங்கிச் சதுக்கத்துக்கு வந்தபோது அவள் கையில் மாலை இருந்தது. கூண்டுக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தாள். 'எல்லார்க்கும் ஒரே மூச்சு' என்று பாட்டின் முதல் வரியைச் சொல்ல வேண்டும். வரவில்லை. தோள் தூக்கித் தூக்கி இறங்கியது. கண்ணில் நீர் வழிந்தது. உதட்டோரம் நீலம் படர்ந்தது.

எஸ்தர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். அதற்குள் பிரகாசி பிள்ளையைத் தூக்கி எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்திருந்தாள்.

"பாருங்கய்யா, பாருங்க! பச்சப்பிள்ளைக்குக்கூட அக்கா நெனப்புல மூச்சு முட்டுது!"

கூட்டம் விம்மியது. யாரோ வழி விட்டார்கள். இன்னும் பக்கத்தில் வரட்டும், சுடருக்குக் கிட்டே வரட்டும் என்று பிள்ளையைக் கை மாற்றிக் கை மாற்றி முன்னால் அனுப்பினார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் படிவம் விரிந்தது. முதல் கட்டத்தில் புதிய தலைவரின் பெயர் இருந்தது. எஸ்தர் அதை அழித்தாள். கட்டங்களைத் தொடாமல், கீழே ஒரே ஒரு வரி எழுதினாள்: 'எஸ்தர் சுடரின் எரிவாயுக் குழாயை மூடி, ஏன் மூடினேன் என்று சதுக்கத்தில் நின்று சொல்கிறாள்.' இந்த முறை மறக்காமல் ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்தாள். கீழடுக்கின் உயிர்வளி.

மருத்துவமனையில் ரூத் குழாய் வைத்துப் படுத்திருந்தாள். பிற்பகல் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குள் முடிவு செய்துவிடலாம் என்று நினைத்தாள்.

நிழலூர் ஓடியது. முதல் நாளே சுடர் மறுபடி ஏற்றப்பட்டது. ஒன்பதாம் நாள் எஸ்தரின் நிழல் சதுக்கத்தில் அடித்துக் கொல்லப்பட்டது. அவள் அதை எதிர்பார்த்திருந்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். ஆறாம் ஆண்டில் நிழல்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கின. எஸ்தர் சொன்னதுதான் சரி என்றன. ஏழாம் ஆண்டில் ஊர் வெட்கப்பட்டது. அவையில் ஒருவர் மேசையில் தலையை முட்டிக்கொண்டார். எஸ்தர் நாற்காலி நுனிக்கு வந்தாள்.

அச்சுப்பொறி அறிக்கையைத் தள்ளியது.

எஸ்தர், கணக்கர். பெயராயுள்: நூற்று அறுபது ஆண்டு. நினைவுச்சின்னம்: சந்தனமாரி சுடருக்கு வலப்பக்கம், அதே உயரத்தில், இரண்டாவது அணையாச் சுடர். கீழடுக்கின் உயிர்வளி: பதினைந்து. சுடரை ஏற்றிவைத்தவர்: ரூத், அன்னாரின் மகள்.